நகராத சீட்

கேள்வி: எனக்கு 41 வயது. பவானியில் ஜமக்காள வியாபாரம். அப்பா 2001-இல் புதிதாக வாங்கிய டொயோட்டா குவாலிஸ் கார் இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. 6,40,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஒருநாளும் நடுரோட்டில் நின்றதில்லை. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், லட்சத்துக்கு ஒருமுறை டைமிங் பெல்ட் என்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். கிரீஸ் நாட்டில் ஒரு டாக்ஸிக்காரரின் பென்ஸ் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, கடைசியில் அந்தக் கம்பெனியின் மியூசியத்துக்கே போனதாம். அதைப் படித்ததிலிருந்து இதை 10 லட்சம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் விற்றே ஆக வேண்டும் என்று என் மனைவியும் அப்பாவும் பிடிவாதமாக நிற்கிறார்கள். போன ஐப்பசியில் நான் சூரத் போயிருந்த சமயம் ராத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்து, மனைவி ஆட்டோ பிடித்து ஈரோட்டுக்குக் கூட்டிப் போனாள். (அவளுக்கு லைசென்ஸ் உண்டு. டிரைவர் சீட் என் உயரத்துக்கு இறுகிவிட்டது, நகராது. எனக்குச் சரியாக இருப்பதால் அதைத் தொடவில்லை.) அப்பா இப்போது நலம். அன்று ஆரம்பித்த பேச்சுதான் இது. எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்கும் நேரமும் வந்துவிட்டது. பழைய வண்டியின் அருமையை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, புரிய வேண்டியது உங்களுக்குத்தான். அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதுதான் உங்கள் கடிதம். மற்றதெல்லாம் முன்னுரை.

பழைய வண்டியை விடமாட்டேன் என்கிற ஆண், விற்றுத் தொலையுங்கள் என்கிற வீடு. இந்தக் கடிதம் எனக்கு எல்லா ஊரிலிருந்தும் வருகிறது. அம்பாசடர், மாருதி 800, தாத்தா ஓட்டிய புல்லட் என்று வண்டிதான் மாறுகிறது. பெரும்பாலும் செலவைப் பற்றியோ கௌரவத்தைப் பற்றியோ சண்டை போடுவார்கள். உங்கள் வீட்டில் அப்படி இல்லை. உங்கள் மனைவி புது வண்டி வேண்டும் என்று கேட்டதாக நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. தான் ஓட்ட முடியாத வண்டி வாசலில் நிற்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்த ராத்திரியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சாவி வீட்டில் இருக்கிறது. வண்டி நல்ல கண்டிஷனில் நிற்கிறது. லைசென்ஸ் வைத்திருக்கும் பெண் பக்கத்தில் இருக்கிறார். ஆனால் அவர் உட்கார்ந்தால் கிளட்ச் வரைக்கும் கால் எட்டாது. எட்டினாலும் முழுசாக அமுக்க முடியாது. மாமனாரைக் கைத்தாங்கலாகத் தெருவுக்கு நடத்திக்கொண்டு வந்து ஆட்டோவுக்குக் காத்து நின்றிருக்கிறார். அந்த வண்டியைச் சம்பாதித்து வாங்கியவர் அதைத் தாண்டி நடந்து போய் ஆட்டோவில் ஏறியிருக்கிறார். இதை எழுதும்போது உங்கள் கை கொஞ்சமாவது தயங்கியிருக்க வேண்டாமா?

உங்களுக்கு நேரமில்லை என்றோ கைவேலை தெரியாது என்றோ சொல்லவும் வழியில்லை. டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும் என்று தெரிந்து, அறுவதற்கு முன்பே மாற்றுகிற ஆள் நீங்கள். வரப்போகிற ஆபத்தை லட்சம் கிலோமீட்டருக்கு முன்னாலேயே யோசிக்கத் தெரிந்தவருக்கு, வயதான அப்பாவும் மனைவியும் தனியாக இருக்கும் வீட்டில் ராத்திரி என்ன நடக்கலாம் என்று யோசிக்கத் தெரியவில்லை. சீட் ரெயிலில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்து மண்ணும் துருவும் சேர்ந்து இறுகியிருக்கும். போல்ட்டைக் கழற்றி, சீட்டை வெளியே எடுத்து, ரெயிலை டீசலில் ஊறவைத்துத் தேய்த்து, கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் நகரும். லாக் தேய்ந்திருந்தால் பழைய ஸ்பேர் கடையில் வேறு ரெயில் கிடைக்கும். ஒரு பகல் வேலை. எனக்குச் சரியாக இருக்கிறது என்பதால் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தில் இருக்கிற ஆள் பேசுகிற பேச்சா இது?

ஒரே கைக்குத்தான் பால் விடும் மாடு சில வீடுகளில் இருக்கும். அந்த ஆள் வெளியூர் போனால் அன்றைக்கு வீட்டில் பால் கிடையாது. ஊரில் யாரும் அந்த மாட்டை நல்ல மாடு என்று சொல்லமாட்டார்கள். உங்கள் குவாலிஸை நீங்கள் அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறீர்கள். சீட் மட்டும்தானா என்றுகூட எனக்குச் சந்தேகம். இரண்டாவது கியர் விழ ஒரு பக்குவம், ஹேண்ட் பிரேக் பிடிக்காததற்குச் சக்கரத்தடியில் ஒரு கல், காலையில் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரை எத்தனை முறை போட்டு ஸ்டார்ட் செய்வது என்று இன்னும் ஏதாவது உங்கள் ஒருவருக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்கும். இருந்தால் அதெல்லாம் ரிப்பேர் வேலை. வண்டியின் குணம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

அந்தக் கிரேக்க டாக்ஸிக் கதை எனக்கும் தெரியும். கிரிகோரியஸ் சசினிதிஸ் என்பவர், தெசலோனிகி நகரத்துக்காரர். 1976-ஆம் வருஷத்து பென்ஸ் 240டி, டீசல் வண்டி. பழைய வண்டியாகத்தான் வாங்கினார். 2004-இல் கம்பெனிக்கே கொடுத்தார். அத்தனை கிலோமீட்டரையும் ஒரே எஞ்சின் ஓடவில்லை, மாற்றி மாற்றிப் பூட்டித்தான் ஓட்டினார். அது டாக்ஸி, தம்பி. கையை நீட்டியவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனதால் சேர்ந்த கிலோமீட்டர் அது. நீங்கள் அந்த எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தப் பதிலை எதிர்பார்த்து இதைப் படிக்கும் உங்கள் மனைவி என்னை மன்னிக்க வேண்டும். நன்றாக உழைக்கிற பொருளை வயதாகிவிட்டது என்பதற்காகத் தள்ளிவிடுவது எனக்கும் பிடிக்காது. 2000-இல் குவாலிஸ் வந்தபோது அதன் பெட்டி மாதிரியான உருவத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அப்புறம் டிராவல்ஸ்காரர்களிலிருந்து கல்யாண வீட்டார் வரை எல்லோருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே 2005-இல் நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். அந்த 2.4 லிட்டர் டீசல் எஞ்சின் அவசரப்படாது, வேகமும் போகாது. ஆயிலையும் தண்ணியையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் லட்சக்கணக்கில் ஓடும். உங்கள் அப்பா ஜமக்காளக் கட்டுகளை ஏற்றி இறக்கி வியாபாரத்தை நிமிர்த்தியதும் அதில்தான் இருக்கும். அவரே இன்றைக்கு விற்கச் சொல்கிறார் என்றால் அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று கேட்டீர்களா? பழசின் அருமையை அவருக்கா நீங்கள் சொல்லித் தரப் போகிறீர்கள்?

இனி செய்ய வேண்டியது. நெஞ்சு அடைத்தால் முதலில் 108. அதில் ஆக்ஸிஜன் இருக்கும், பயிற்சி பெற்றவர் இருப்பார். அடுத்த முறை ஆட்டோவும் வேண்டாம், குவாலிஸும் வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். இதைச் சாக்காக வைத்து சீட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், நீங்களே மயங்கி விழுந்தாலும் வீட்டுக்கு வண்டி வேண்டும்.

சீட்டைச் சரிசெய்த பிறகு கிளட்ச், ஹேண்ட் பிரேக், ஹீட்டர் பிளக் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வண்டியை வெளியே எடுக்கும்போது ஸ்டியரிங் பக்கம் உங்கள் மனைவி உட்காரட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வாருங்கள். பவானி ஊருக்குள் பழகி, பிறகு ஈரோடு வரை அவரே போய் வரட்டும். அப்பா பின் சீட்டில் வரட்டும். இந்த வண்டியில் ஏர்பேக் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். சேலம் கோவை நெடுஞ்சாலையில் ராத்திரிப் பயணத்துக்குக் குடும்பத்தை இதில் ஏற்றாதீர்கள். அதற்கு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாம்.

20 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க இப்போது கட்டணமே 10,000 ரூபாய். கூடவே பசுமை வரி, எஃப்.சி.க்காகச் செய்யும் வேலைகள். அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் உங்கள் மனைவி தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு ஈரோடு ஆஸ்பத்திரி வரைக்கும் போய்த் திரும்பியிருக்க வேண்டும். போய்விட்டு வந்தும் அவருக்கு இந்த வண்டி வேண்டாம் என்று தோன்றினால், மறுபேச்சு பேசாமல் நோட்டையும் சேர்த்து நல்ல விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.