நடக்கத் தொடங்கிய பிள்ளையும் மூன்றடி மீன் தொட்டியும்

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே கால் வயது. இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறான். எங்கள் ஹாலில் மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. என் கணவர் ஆசையாக வைத்தது. பையன் தூங்கி எழுந்ததும் நேராக அங்கே போய் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டுகிறான், ஸ்டாண்டைப் பிடித்து ஏறப் பார்க்கிறான். தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார் மாமியார். கடைக்காரரோ, பழைய தொட்டியை எடுத்துக்கொண்டு டஃபன்டு கண்ணாடியில் புதிதாகப் போட்டுத் தருகிறேன், பன்னிரண்டாயிரம் கொடுங்கள், அப்புறம் கவலையே இல்லை என்கிறார். வாடகை வீடு. என்ன செய்யட்டும்?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: சகோதரி, முதல் காரியமாக அந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். கொளத்தூரில் 22 வருஷமாகத் தொட்டி ஒட்டுகிறவன் நான். குழந்தை இருக்கும் வீடு என்று தெரிந்தால் உடனே 'டஃபன்டு' (சூடாக்கிப் பலப்படுத்திய கண்ணாடி) என்று ஆரம்பிப்பது எங்கள் தொழிலில் பல பேருக்குப் பழக்கம். பெற்றோரின் பயம்தான் அங்கே விற்பனையாகிறது.

ஒன்றே கால் வயதுப் பிள்ளை உள்ளங்கையால் தட்டி 8 எம்.எம். கண்ணாடி உடையாது. தொட்டியின் மேல் விளிம்பில் ஒரு ஸ்கேலை வைத்துக் கண்ணாடியின் கனத்தை அளந்து பாருங்கள். ஒன்றரை அடி உயரத் தண்ணீருக்கு 8 எம்.எம். இருந்தால் நிம்மதி. 5 எம்.எம். என்றால் குழந்தை இல்லாத வீட்டிலும் அந்தத் தொட்டி வேண்டாம். டஃபன்டு கண்ணாடி பலமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் ஓரத்தில் ஒரு கூரான அடி பட்டால் ஒரே நொடியில் முழுப் பலகையும் கல் உப்பு மாதிரி உதிர்ந்துவிடும், மொத்தத் தண்ணீரும் அப்படியே ஹாலில் கொட்டும். சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் முதலில் விரிசல் விட்டுக் கசியும். அதன் துண்டுகள் வெட்டும் என்பது வேறு விஷயம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டஃபன் செய்த கண்ணாடியை அதற்குப் பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. உங்கள் கண் எதிரிலேயே வெட்டி ஒட்டிக்கொடுத்துவிட்டு 'இது டஃபன்டு' என்று ஒருவர் சொன்னால் அது டஃபன்டு இல்லை. இப்படி ஏமாந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

உங்கள் பிள்ளை ஸ்டாண்டைப் பிடித்து ஏறுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, நான் பயப்படுவது அதற்குத்தான். உங்கள் தொட்டி நாலரை கன அடி. விளிம்பு வரை நிரப்பினால் 127 லிட்டர் தண்ணீர், அதாவது 127 கிலோ. கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்த்தால் 150 கிலோவைத் தாண்டும். தரை சமமாக இருந்து, ஸ்டாண்டின் நாலு காலும் பதிந்திருந்தால் இந்தக் கனத்தை உங்கள் பையனால் அசைக்க முடியாது. ஒரு கால் தூக்கி நின்றாலோ, தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டி பாதி காலியாக இருந்தாலோ கதை வேறு. மட்டம் பார்க்க ஆள் கூப்பிட வேண்டாம், தண்ணீரே காட்டிக்கொடுக்கும். மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை நாலு மூலையிலும் ஸ்கேலால் அளங்கள். இரண்டு மூலைகளுக்கு இடையே 3 எம்.எம். வித்தியாசம் இருந்தாலே தரையோ ஸ்டாண்டோ சரியில்லை. தொட்டியைக் காலி செய்துவிட்டு அதைச் சரிசெய்ய வேண்டும், தண்ணீரோடு தூக்கிக் காலுக்கு அடியில் அட்டை வைக்கக் கூடாது.

அப்புறம் ஸ்டாண்டின் மேல் சட்டத்தை எல் வடிவத்தில் இரண்டு கிளாம்ப் போட்டுச் சுவரோடு இறுக்குங்கள். இரும்பைத்தான் இறுக்க வேண்டும், கண்ணாடியைத் தொடக் கூடாது. வாடகை வீடு என்று தயங்காதீர்கள். இரண்டு ஓட்டைதான். வீட்டுக்காரரிடம் பிள்ளையைக் காட்டிக் கேளுங்கள், காலி செய்யும்போது பட்டி வைத்து அடைத்துக் கொடுத்துவிடலாம். ஸ்டாண்டின் கீழே குறுக்குக் கம்பி ஏணி மாதிரி இருந்தால் அதன் முன்பக்கத்தை ஒரு பிளைவுட் பலகை வைத்து மூடிவிடுங்கள். கால் வைக்க இடம் இல்லாவிட்டால் ஏற மாட்டான்.

உங்கள் வீட்டில் இல்லை, ஆனாலும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: பெரிய தொட்டியைவிடச் சின்னத் தொட்டிதான் குழந்தையின் மேல் விழும். டீப்பாயில் துணி விரித்து அதன் மேல் வைத்த கண்ணாடிக் கிண்ணத்தைப் பிள்ளை எட்ட வேண்டியதே இல்லை, துணியைப் பிடித்து இழுத்தால் போதும்.

இனி மின்சாரம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் தொட்டிக்குள் ஒரு ஃபில்டர் மோட்டார் மூழ்கியிருக்கும். அதன் பிளக்கைப் பாருங்கள், அநேகமாக இரண்டு பின்தான் இருக்கும், எர்த் பின் இருக்காது. அந்த மோட்டாரின் சீல் போய்விட்டாலோ வயரில் கீறல் விழுந்தாலோ தண்ணீருக்குள் கரண்ட் இறங்கும். ஆனால் கண்ணாடித் தொட்டியிலிருந்து அந்தக் கரண்ட் தரைக்குப் போக வழி இல்லை. அதனால் மீன்கள் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும், ஃபியூஸும் போகாது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று யார் கையை விடுகிறார்களோ அவர்கள் உடம்புதான் அந்த வழி. ஒரு வீட்டில் நான் தண்ணீரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தபோது அதன் விளக்கு எரிந்தது. உள்ளே எட்டு கோல்டு ஃபிஷ் இரைக்காக மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. 'மீனுக்கு ஒன்றும் ஆகவில்லையே சார்' என்றார் அந்த வீட்டு அம்மா. இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்!

இதற்கு மருந்து ஒன்றுதான்: 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிவைக் கண்டுபிடிக்கும் சுவிட்ச். உடம்பு வழியாகக் கரண்ட் கசியத் தொடங்கியதும் கண் இமைப்பதற்குள் லைனைத் துண்டித்துவிடும். 'எம்.சி.பி. இருக்கிறதே' என்று எலக்ட்ரீஷியன் சொல்வார், ஒப்புக்கொள்ளாதீர்கள். எம்.சி.பி. வயர் எரியாமல் காப்பதற்கு, ஆளைக் காப்பதற்கு இல்லை. நல்ல கம்பெனி ஆர்.சி.சி.பி. இரண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரும், கடைக்காரர் கேட்கும் தொகையில் ஆறில் ஒரு பங்கு. வாங்கும்போது 30 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்றும் விற்கிறார்கள், அவை இதற்கு உதவாது. அதன் முகப்பில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். 'டக்' என்று விழுந்தால் வேலை செய்கிறது. விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இது அப்படியே பொருந்தாது. கரண்ட் போனால் மீன் செத்துவிடுமே என்று நம் ஊரில் தொட்டியின் மோட்டாரை இன்வெர்ட்டர் லைனில்தான் கொடுத்திருப்பார்கள். ஆர்.சி.சி.பி.யோ மெயின் போர்டில், இன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது மின்சாரம் அந்த ஆர்.சி.சி.பி. வழியாக வருவதே இல்லை. கசிந்தாலும் அதற்குத் தெரியாது. அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. இன்வெர்ட்டரின் நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வீட்டு நியூட்ரலையும் கலந்து இணைத்திருந்தால் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் அடிக்கடி விழும். அதைப் பிரித்துச் சரிசெய்ய அரை நாள் ஆகும் என்று, 'இந்த சாமான் சரியில்லை சார்' என்று சொல்லி ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் செய்துவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். போர்டில் அது அழகாக உட்கார்ந்திருக்கும், ஒன்றோடும் சேர்ந்திருக்காது. அதனால், இன்வெர்ட்டர் வீடாக இருந்தால் தொட்டிக்குப் போகும் பிளக் பாயின்ட்டுக்கு முன்னால், இன்வெர்ட்டருக்குப் பின்னால், தனியாக ஒரு சின்ன ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். போட்ட பிறகு மெயினை அணைத்து, இன்வெர்ட்டரில் மோட்டார் ஓடும்போது 'டி' பட்டனை அழுத்திப் பாருங்கள். மோட்டார் நின்றால்தான் கூலியைக் கொடுங்கள்.

வீட்டு மின் இணைப்பில் கசிவு காக்கும் கருவி பற்றி மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் பேசுகின்றன. பழைய வீடுகளில் அது இருக்கிறதா என்று யார் வந்து பார்க்கிறார்கள்? எர்த் பின் இல்லாத மோட்டார்கள் பெட்டி பெட்டியாக வருகின்றன, யாரும் தடுப்பதில்லை. 2017-ல் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. அவை மீன்களின் நலனுக்கானவை. எதிர்ப்பு வந்ததும் அதே வருஷம் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தொட்டி வாங்குகிற வீட்டுப் பிள்ளையைப் பற்றி யார் யோசிக்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. அதுவரை உங்கள் வீட்டுக்கு நீங்கள்தான் இன்ஸ்பெக்டர்.

வயர் தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்குப் போகாமல், பிளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி வளைந்து மேலேறட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொங்கும் வளைவு பிள்ளை கைக்கு எட்டாமல் ஸ்டாண்டின் பின்பக்கம் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் போகும் வயரில் கறுப்பு டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தால் அந்த மோட்டாரைத் தூக்கிப் போடுங்கள். மாதக் கூலிக்கு வந்து தொட்டி கழுவுகிற பையன்கள் இந்த ஒட்டு வேலையைச் செய்துவிட்டு சொல்லாமல் போவார்கள். வரும் ஆள் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு கையை விடுகிறாரா என்று கூடவே நின்று பாருங்கள். அப்படிச் செய்யாத ஆளை அடுத்த மாதம் கூப்பிடாதீர்கள்.

தொட்டிக்குள் பிள்ளை விழுந்துவிடுவானோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் இல்லை, மாமியாருக்கு இருக்கலாம். அந்த உயரத்துக்கு அவன் இப்போது ஏற முடியாது. ஹாலில் நிற்கும் வாளியைப் பாருங்கள். குளோரின் போகட்டும் என்று மெட்ரோ வாட்டரைப் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைப்போம் இல்லையா, அதுதான் ஆபத்து. இந்த வயதில் பிள்ளைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. அரை வாளித் தண்ணீர் போதும். வாளியை பாத்ரூமில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போடுங்கள். தண்ணீர் மாற்றும் வேலையைப் பிள்ளை தூங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

குளோரினை முறிக்கக் கடையில் ஒரு பாலிதீன் பையில் படிகம் கட்டிக் கொடுப்பார்கள். சோடியம் தயோசல்பேட் அது. கையில் எடுத்துப் பாருங்கள், அச்சு அசல் கற்கண்டு. பையில் பெயரும் இருக்காது, எச்சரிக்கையும் இருக்காது. ஒரு வீட்டில் அது பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது, தாத்தா பேரனுக்கு நீட்டப் போன நேரத்தில் நான் உள்ளே நுழைந்தேன். இந்தப் படிகமாவது பெரிய விஷமில்லை. அதே பையில் கூடவே வாங்கி வரும் மீன் மருந்துகளான மலாக்கைட் கிரீன், ஃபார்மலின், பெர்மாங்கனேட் எல்லாம் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, பரணில் ஏற்றுங்கள்.

தொட்டியில் ஒட்டும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அதற்குள் சட்டைப் பொத்தான் அளவில் பேட்டரி இருக்கிறது. விழுங்கி உணவுக் குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்து போகும். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட்டு எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சென்னை வெயிலில் கோல்டு ஃபிஷ்ஷுக்கு அந்தத் தெர்மாமீட்டரே தேவையில்லை.

மூடியாக வைத்திருக்கும் கண்ணாடித் துண்டின் ஓரத்தை விரலால் லேசாகத் தடவிப் பாருங்கள், தேய்த்து மழுக்காமல் விட்டிருந்தால் கத்தி மாதிரி இருக்கும். பாலிகார்பனேட் ஷீட் வெட்டி வாங்கி, கிளிப் போட்டு மூடுங்கள். பிள்ளை பிஸ்கட் போடுவதும் நிற்கும். தொட்டித் தண்ணீரில் கை விட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பெரியவர்களும்தான்.

உங்கள் மாமியாரிடம் இதையெல்லாம் காட்டுங்கள். கிளாம்ப்பும் ஆர்.சி.சி.பி.யும் போட்ட பிறகு தொட்டி இருக்கலாம் என்பது என் கருத்து. இரண்டையும் போட முடியாத நிலை என்றால் அவர் சொல்வதையே கேளுங்கள், இரண்டு வருஷம் கழித்து மறுபடி வைத்துக்கொள்ளலாம். அப்படிக் கொடுப்பதானால் மீன்களைக் கொளத்தூர்க் கடை எதிலாவது கேட்டுப் பாருங்கள், காசு தராவிட்டாலும் எடுத்துக்கொள்வார்கள். ரெட்டேரியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், அதிலும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சக்கர் மீன் இருந்தால் கட்டாயம் வேண்டாம். வீட்டில் ஒரு சாண் இருக்கும் அது ஏரியில் ஒன்றரை அடி வளர்ந்து, குஞ்சு பொரித்து, நம் நாட்டு மீன்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.