வைவாவுக்கு அப்பா போகலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பாலக்கோடு பக்கம் தக்காளி, ராகி வைக்கிற விவசாயி நான். எட்டாவதோடு நின்றவன். மகள் பெரியார் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் பிஎச்.டி. படித்து, தீசிஸ் கொடுத்துவிட்டாள். தக்காளி இலைச்சுருட்டை நோயைப் பற்றியதாம். அடுத்த மாதம் வைவா. ‘நீங்களும் வந்து உட்காருங்கப்பா’ என்கிறாள். இங்கிலீஷில் நடக்கிற இடத்தில் எனக்கென்ன வேலை என்று தயக்கம். ஊரில் ‘டாக்டர்னா ஊசி போடுமா பாப்பா?’ என்று கேட்கிறார்கள், பதில் சொல்லத் தெரியவில்லை. மாரியம்மன் பண்டிகைக்கு ‘டாக்டர்’ என்று போட்டு ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்கிறான் என் தம்பி. பெருமையை வெளியே காட்டினால் தப்பா? சின்னவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் சி.என்.சி. செட்டராக இருக்கிறான்.

– ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள ஐயா,

பெருமைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. வைவாவுக்குக் கட்டாயம் போங்கள். அதற்குப் பெயரே பொது வாய்மொழித் தேர்வுதான். அறிவிப்பு போட்டு, மற்றவர்கள் முன்னால்தான் நடத்துவார்கள். மகளே கூப்பிட்ட பிறகு யோசனை எதற்கு?

தேதி குறித்துவிட்டார்கள் என்றாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தீசிஸ் குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்களிடம் போய், அவர்கள் படித்துச் சாதகமாக அறிக்கை அனுப்பிய பிறகே வைவா வைப்பார்கள். அன்றைக்கு மகளுக்கு வழிகாட்டிய நெறியாளரும் ஒரு வெளித் தேர்வாளரும் இருப்பார்கள். மகள் திரையில் படம் போட்டு, செய்த வேலையைச் சொல்வார். அப்புறம் கேள்விகள். எத்தனை செடியில் மாதிரி எடுத்தாய், எந்தப் பருவத்தில், ஏன் இந்த முறை, வேறு முறையில் செய்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று மடக்கி மடக்கிக் கேட்பார்கள். பெற்றவர்கள் பதறுவது இங்கேதான். பிள்ளையைத் திட்டுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வேலையை மகளே செய்தாரா, அதன் எல்லை அவருக்குத் தெரிகிறதா என்று பார்க்கிற வழி அது. ‘அதை நான் சோதிக்கவில்லை’ என்று மகள் சொன்னால் அது தோல்வி இல்லை, நேர்மையான பதில். சால்வை, மாலை எல்லாம் தேர்வாளர் முடிவைச் சொல்லும் வரை பைக்குள்ளேயே இருக்கட்டும்.

இங்கிலீஷ் தெரியாது என்கிறீர்கள். ஆனால் அந்த அறையில் பலரைவிட உங்களுக்கு அந்த நோயைத் தெரியும். வெள்ளை ஈ சாறு உறிஞ்சும்போது வைரஸ் செடிக்குள் போகிறது. இலை மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, வெளுக்கிறது. செடி குட்டையாக நின்றுவிடுகிறது. நட்ட ஒரு மாதத்துக்குள் தொற்றினால் அந்தச் செடியில் பெரிதாகக் காயை எதிர்பார்க்க முடியாது. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவதும் வரப்போரம் மக்காச்சோளம் விதைப்பதும் அந்த ஈயைத் தடுக்கத்தானே? போவதற்கு முன் ஒரு சாயங்காலம் உங்கள் தோட்டத்திலிருந்து சுருண்ட இலை ஒன்றைப் பறித்து மகள் கையில் கொடுத்து, ‘இதுல நீ என்ன கண்டுபிடிச்ச?’ என்று கேளுங்கள். தமிழில் சொல்லட்டும். அவருக்கும் அதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. தீசிஸில் நன்றியுரைப் பக்கத்தையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஊசிக் கேள்விக்குத் தமிழிலேயே பதில் இருக்கிறது. மருத்துவர் வேறு, முனைவர் வேறு. ‘தக்காளிச் செடிக்கு ஏன் நோய் வருதுன்னு ஆராய்ச்சி பண்ணி முனைவர் ஆகுது’ என்று சொல்லிப் பாருங்கள். பாலக்கோட்டில் இந்த ஒரு வரி புரியாதவர் யார்?

ஃபிளெக்ஸ் கொஞ்சம் பொறுக்கட்டும். வைவா அன்று தேர்வாளர் சொல்வது பரிந்துரைதான். அதன் பேரில் பல்கலைக்கழகம் ஆணை போட்டு, தற்காலிகச் சான்றிதழ் தரும். அது கைக்கு வருமுன் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் அச்சடித்தால், நாளை வேலைக்குப் போகிற இடத்தில் மகளுக்குத்தான் சங்கடம். வைக்கும்போது ‘முனைவர்’ என்றே போடுங்கள். கீழே ஆய்வுத் தலைப்பைத் தமிழில் ஒரு வரி, அவர் படித்த பள்ளியின் பெயர் ஒரு வரி போதும். ஆளுயரப் படத்தைவிட அந்தப் பள்ளியின் பெயரைப் பார்த்துத்தான் இன்னொரு பெண்பிள்ளையின் அப்பா நின்று படிப்பார். முறைப்படி அனுமதி வாங்க மறக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகளைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் மகனுக்கு ஒரே வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். சி.என்.சி. என்பது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் மெஷின். அதில் செட்டர் என்றால் பட்டனை அமுக்குகிறவர் இல்லை. ஒவ்வொரு டூலுக்கும் ஆஃப்செட், அதாவது அளவுத் திருத்தம் கொடுத்து, முதல் பீஸை ஓட்டி, மைக்ரோமீட்டரில் அளந்து, சரியாக இருந்தால்தான் மற்ற பீஸ்கள் ஓடும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் ஒரு பங்கு கூடினாலே சில பீஸ்கள் ரிஜெக்ட். ஓட ஓட இன்செர்ட் என்கிற வெட்டும் முனை தேய்ந்து அளவு நகரும். அதைக் கவனித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், இரவு ஷிஃப்டிலும். அவரிடமும் கேளுங்கள், என்ன பாகம் செய்கிறார், அது எந்த வண்டியில் போய் உட்காருகிறது என்று. யாரும் கேட்காததால் சொல்லாமல் இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர்.

தர்மபுரியில் பஸ் ஏறும்போதே பல்கலைக்கழகத்தில் நிற்குமா என்று கண்டக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓமலூர் தாண்டி, கருப்பூரிலேயே இறங்க வேண்டும், சேலம் வரை போனால் திரும்பி வர வேண்டியிருக்கும். தொப்பூர் கணவாயில் லாரி ஏதாவது மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் போய்விடும், அதனால் விடியற்காலையே கிளம்புங்கள். மகனுக்கு அந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று இன்றே கேட்டு, லீவு சொல்லச் சொல்லிவிடுங்கள். அக்கா பேசுவதை அவரும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.