மேடையில் எடுபட்ட நடனம் வீடியோவில் ஏன் சப்பென்று இருக்கிறது?

கேள்வி: நான் அமைத்த குழு நடனத்துக்கு மேடையில் நல்ல வரவேற்பு. அதை வீடியோ எடுத்துப் பார்த்தால் உயிரே இல்லை. மூன்று கேமரா, கிம்பல் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி), டிரோன் என்று ஒரு ‘பேக்கேஜ்’ எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் வீடியோகிராபர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், பணம்தான் போகும். முதலில் நடனத்தைக் கேமராவுக்காகத் திருத்துங்கள்.

மேடையில் முன்பக்கம் அகலமாக இருக்கும். கேமராவுக்கு நேர்மாறு: லென்ஸுக்கு அருகில் இடம் குறுகல், தள்ளிப் போகப்போக விரியும். கைதட்டல் வாங்கிய அந்தப் பக்கவாட்டு ஓட்டத்தை லென்ஸுக்குக் கிட்டே வைத்தால், இரண்டே எட்டில் ஆள் ஃபிரேமுக்கு வெளியே போய்விடுவார். அதையே தூரத்திலிருந்து லென்ஸை நோக்கி, கொஞ்சம் மூலைவாட்டில் ஓட வையுங்கள். உருவம் பெரிதாகிக்கொண்டே வருவதால் வேகம் கூடியதுபோல் தெரியும். ஒரே வரிசையில் நிற்பவர்களையும் முன்னும் பின்னுமாகக் கலைத்துவிடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு புது ஷாட்டையும் முந்தைய ஷாட்டின் கடைசி எட்டு கவுண்டிலிருந்தே (தாள எண்ணிக்கை) ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அதே அசைவு இரண்டு ஷாட்டிலும் இருக்கும். கை பாதி உயரத்தில் போய்க்கொண்டிருக்கும்போது வெட்டினால் தையல் தெரியாது. கை நின்றபிறகு வெட்டினால் கண் இடறும். இதற்கு ஒரு கேமரா போதும். “எல்லாக் கோணத்திலும் எடுத்துக்கலாம், எடிட்டிங்ல பார்த்துக்கலாம்” என்பவர், தான் யோசிக்காமல் வந்ததற்கும் உங்களிடம் கூலி கேட்கிறார்.

ஒரே ஒரு விதிவிலக்கு: நடனத்தின் உயிரே காலில்தான் என்றால் அதிகம் வெட்டாதீர்கள். தலை முதல் கால்வரை ஃபிரேமில் தெரிய வேண்டும், வெட்டு குறைவாக இருக்க வேண்டும் என்று ஹாலிவுட் நடன நடிகர் பிரெட் அஸ்டேர் பிடிவாதம் பிடித்தார். காரணம் இருக்கிறது. தாளம் காலில் ஓடும்போது முகத்துக்கு குளோசப் போனால் பார்ப்பவர் தாளத்தைத் தவற விடுகிறார். இதற்குக் கேமராவை இடுப்பு உயரத்தில் வையுங்கள். மேலே வைத்தால் கால் குட்டையாகிவிடும். தரையோடு வைத்தால் அடி முன்னே போகிறதா பின்னே போகிறதா என்றே தெரியாது. பாதத்துக்குக் கீழே கொஞ்சம் தரை தெரியட்டும். முகபாவம் முக்கியம் என்றால், கால் ஓயும் இடத்தில் மட்டும் குளோசப் வையுங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: பாட்டு. 30 வினாடிக்குள் என்றால் அனுமதி வேண்டாம் என்பது கட்டுக்கதை. மெட்டுக்கும் வரிகளுக்கும் ஓர் அனுமதி, பதிவான ஒலிக்குத் தனி அனுமதி. வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகர் ஒன்றை மட்டும் காட்டிப் பணம் வாங்கிப் போய்விடக்கூடும். கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். முறையாக அனுமதி வாங்கியவரின் வீடியோவையும் வீடியோ தளங்களின் தானியங்கி முடக்கிவிடுவதுண்டு.   முடிந்தால் இசையைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் ‘திரையிடவும் இணையத்தில் வெளியிடவும்’ என்று எழுதி வாங்குங்கள். ‘நிகழ்ச்சிக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது மேடையோடு சரி.