விவசாயம் செய்யும் கணவர் "வருமானமே இல்லை" என்கிறார். குழந்தைக்கான ஜீவனாம்ச வழக்கில் என்ன ஆவணம் காட்டுவது?

மன்னார்குடிப் பக்கம் ஆறு ஏக்கர் நஞ்சை என்று எழுதியிருக்கிறீர்கள். தைரியமாக இருங்கள் சகோதரி, டெல்டாவில் நெல் விளைந்தால் அதற்குக் காகிதம் இருக்கும். பட்டா, சிட்டா நிலம் யாருடையது என்று காட்டும். ஆனால் எனக்கு அடங்கல்தான் முக்கியம். எந்தப் பசலியில் (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு), எந்தச் சர்வே எண்ணில் குறுவையா சம்பாவா என்பது அதில் இருக்கும், வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டிருந்தால் பணம் அவர் வங்கிக் கணக்கில்தான் விழுந்திருக்கும். அந்தக் கணக்கு விவரத்தைத் தாக்கல் செய்யச் சொல்லி உங்கள் வக்கீல் மனு போடலாம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன 2020 தீர்ப்புப்படி, இரு தரப்பும் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் கொடுத்தே ஆக வேண்டும். உங்களுடையதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

அப்புறம், ஆதாரமாகக் காட்டும் வாட்ஸ்அப் உரையாடல். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது; பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும். தேதி தெரியும்படி முழு உரையாடலையும் பிரிண்ட் எடுங்கள், போனை மாற்றிவிடாதீர்கள்.

பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, பக்க எண் போட்டு, மேலே ஒரு பட்டியல் வையுங்கள். மங்கிப்போகும் மருந்துக்கடை பில்லை இன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.