புடம்போட்ட பொன்னும் முகாம் ரொட்டியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சோல்ஜெனித்சினின் 'இவான் தெனிசோவிச்சின் வாழ்வில் ஒருநாள்' படித்த கையோடு வர்லாம் ஷலாமவின் கோலிமாக் கதைகள் சிலவற்றையும் படித்தேன். முதல் நூலை மூடியபோது மனிதன்மேல் நம்பிக்கை வந்தது. கொடுங்குளிரில் சுவர் எழுப்பும்போது அதன் நாயகன் ஷுகவுக்கு வரும் உற்சாகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஷலாமவிடம் அப்படி எதுவும் இல்லை. இருவரும் ஒரே சோவியத் நாட்டின் கைதி முகாம்களில் கிடந்தவர்கள்தானே? 'சுடச்சுடரும் பொன்போல்' என்கிறது குறள். துன்பம் மனிதனைப் புடம்போடுவதை ஷலாமவ் பார்க்கவில்லையா, இல்லை அவர் சுபாவமே கசப்பானதா? முற்றுகையில் சிக்கிய ஓர் ஊரை வைத்து நாவல் எழுதிவருவதால் கேட்கிறேன். பட்டினியிலிருந்து மீளும் என் நாயகன், கையில் கிடைக்கும் முதல் ரொட்டியைப் பிறரோடு பகிர்ந்துகொள்வதாக முடிக்க எண்ணம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் குறளை முழுசாகப் படித்துவிடுவோம். 'சுடச்சுடரும் பொன்போல் ஒளிவிடும் துன்பம் சுடச்சுட நோற்கிற்பவர்க்கு.' இது 'தவம்' அதிகாரத்தில் வருவது. ஒளிவிடுபவர் நோற்பவர். தாமே விரும்பி வருத்தத்தை ஏற்றவர், போதும் என்று தோன்றினால் எழுந்து போகக்கூடியவர். முள்வேலிக்குள் இருப்பவனுக்கு அது முடியாது. ஔவையாரோ பசி வந்திடப் பறந்துபோகும் பத்தைச் சொல்லும்போது மானம், குலம், கல்வியோடு தவத்தையும் சேர்த்தே சொல்கிறார். நல்வழியின் அந்த வெண்பாவைப் பழமொழியாகத் தேய்த்துவிட்டோம். பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

இனி உங்கள் கேள்வி. ஒரே நாடுதான், ஆனால் ஒரே முகாம் இல்லை. சோல்ஜெனித்சின் 1945 பிப்ரவரியில் கைதாகி எட்டாண்டுத் தண்டனை பெற்றவர். அதில் சில ஆண்டுகள் கைதிகளான விஞ்ஞானிகளை வைத்து நடத்திய ஆய்வுக்கூடத்தில் கழிந்தன. பிறகுதான் கஜகஸ்தானின் எக்கிபாஸ்துஸ் முகாம். ஷலாமவ் 1937இல் வடகிழக்குச் சைபீரியாவில் உள்ள கோலிமாவின் தங்கச் சுரங்கத்துக்குக் கைதியாகப் போனவர். 1946இல் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டதால் உயிர் தப்பினார்.

ஷுகவின் கதை 1962 நவம்பரில் வெளிவந்ததும் ஷலாமவ் அதன் ஆசிரியருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பாராட்டுக் கடிதம்தான். ஆனால் நடுவே சில ஊசிகள். உங்கள் முகாமின் மருத்துவப் பகுதியில் ஒரு பூனை நடமாடுகிறதே, நிஜ முகாமில் அதை எப்போதோ தின்று தீர்த்திருப்பார்கள் என்கிறார். பேன் இல்லை, கரண்டியால் சாப்பிடுகிறார்கள், ரொட்டியை மெத்தைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள், இந்த அருமையான முகாம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். இதில் ஒவ்வொன்றும் ஓர் அளவுகோல். நாளைக்கென்று ரொட்டியை ஒளித்துவைப்பவனுக்கு நாளை என்ற எண்ணம் மிச்சமிருக்கிறது. கோலிமாவில் ரொட்டி கைக்கு வந்த நிமிடமே வாய்க்குப் போனது. கஞ்சித் தண்ணீரைக் குடிக்கக் கரண்டி எதற்கு?

உங்களுக்குப் பிடித்த சுவரையும் இதே கண்ணால் பாருங்கள். ஷுகவின் உடம்பில் வேலைக்கான தெம்பு இன்னும் இருக்கிறது. அதனால்தான் வேலையில் இன்பம் வருகிறது. 'சிறிய ரொட்டி கொல்லாது, பெரிய ரொட்டிதான் கொல்லும்' என்பது முகாம் வழக்கு. வேலை அளவை முடித்தால் கூடுதல் ரொட்டி உண்டு. ஆனால் அதைச் சம்பாதிக்க வெட்டும் மண்ணுக்குச் செலவாகும் சக்தி, அந்த ரொட்டி தருவதைவிட அதிகம். ஆகவே உழைப்பாளிகளே முதலில் சரிந்தார்கள். உருவத்தில் பெரியவர்களும் சீக்கிரம் செத்தார்கள், உடம்பின் எடையைப் பார்த்து யாரும் ரொட்டி நிறுப்பதில்லை அல்லவா. இதில் குணத்துக்கு என்ன வேலை?

வெப்பமானியைக் கைதிகளுக்குக் காட்ட மாட்டார்கள். ஷலாமவின் ஆட்கள் மூச்சை வைத்தே குளிரை அளக்கிறார்கள். பனிமூட்டம் இருந்தால் மைனஸ் 40. மூச்சு ஓசையோடு வந்தும் திணறவில்லை என்றால் 45. ஓசையோடு இரைப்பும் சேர்ந்தால் 50. துப்பிய எச்சில் நிலத்தில் விழுமுன் உறைந்தால் 55க்கும் கீழே. இப்படிக் கணக்குப் பார்த்து எழுதியவரைக் கசப்பான சுபாவம் என்று ஒதுக்கிவிட முடியாது. பசியில் சதை கரைவதோடு அன்பு, நட்பு, பொறாமை, இரக்கம், நேர்மை எல்லாம் கரைந்து, எலும்பை ஒட்டிய கொஞ்சம் தசையில் வன்மம் மட்டுமே தங்குகிறது என்று அவர் எழுதுவதும் அதே வகை அளவைதான்.

இதை ஆய்வுக்கூடத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தொடங்கிய சோதனைக்குப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். குறள் சொல்லும் நோற்பவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 24 வாரம், நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. பெரும்பாலும் உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போனது. உலகத்துக்கு உதவ வந்த அந்த நல்லவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் இழுத்தார்கள். காமம் அற்றுப்போனது. ஔவையின் பட்டியலில் பத்தாவதும் அதுவே. சிலர் வெளியே போய்த் திருட்டுத்தனமாகத் தின்று சோதனையிலிருந்து நீக்கப்பட்டார்கள். தங்கள் அறிவு மழுங்கிவிட்டதாக அவர்கள் நினைத்தார்கள், தேர்வுகளிலோ அப்படி எந்தச் சரிவும் தெரியவில்லை. எழுத்தாளர் கவனிக்க வேண்டிய இடம் இது. பட்டினி கிடப்பவனுக்குப் புத்தி தெளிவாகவே இருக்கிறது. அவன் நினைப்பு முழுவதும் ஒரே பொருளைச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான்.

முற்றுகை என்கிறீர்கள், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை முற்றுகையிட்ட லெனின்கிராடைப் பாருங்கள். 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை தொழிலாளிக்கு 250 கிராம் ரொட்டி. அலுவலக ஊழியர், குழந்தைகள், வேலையில்லாத குடும்பத்தினர் எல்லோருக்கும் 125. மாவில் புண்ணாக்கும் மரக்கூழும் கலந்திருந்தன. தச்சர்கள் ஒட்டும் பசையைக் காய்ச்சி உறையவைத்துத் தின்றார்கள். பனியில் வரிசையில் நின்று, தண்ணீர் சுமந்து, வீட்டைக் காத்த பெண்ணுக்குத்தான் மிகக் குறைந்த ரேஷன் அட்டை. ஊரில் மனிதர்கள் மாறிய விதத்தை அந்த அட்டையின் வகையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. மனித மாமிசம் தின்றதாகப் பிடிபட்டவர்களில் முன்பே குற்ற வழக்கு இருந்தவர்கள் மிகக் குறைவு. ஆதரவற்ற பெண்களும் வெளியூரிலிருந்து தப்பி வந்தவர்களும் ஏராளம்.

இதே ஊரில்தான் தாவர விஞ்ஞானி வவிலவின் விதைக் களஞ்சியமும் இருந்தது. நெல் மாதிரிகளுக்குப் பொறுப்பான திமித்ரி இவானவ், ஆயிரக்கணக்கான பொட்டலங்களுக்கு நடுவே பட்டினியால் இறந்தார். களஞ்சியத்தை உருவாக்கிய வவிலவும் 1943 ஜனவரியில் சராதவ் சிறையில் பட்டினியால் நலிந்தே இறந்தார். இவர்களை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். துன்பம் இவர்களை உயர்த்தியதாக எனக்குத் தோன்றவில்லை. விதையைத் தொடக்கூடாது என்பது முற்றுகைக்கு முன்பே அவர்கள் கையில் ஊறிய பழக்கம். முகாமில் ஓரளவு மனிதத்தன்மையோடு நின்றவர்கள் மதப் பற்றாளர்கள் மட்டுமே என்று ஷலாமவ் எழுதியதையும் இப்படித்தான் படிக்கிறேன். அவர்களும் விதிகளை வெளியிலிருந்தே கொண்டுவந்தவர்கள். ஷுகவ் எவ்வளவு குளிரிலும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிடுகிறான். மீனின் கண் அதன் இடத்திலேயே இருந்தால் தின்பான், கழன்று கஞ்சியில் மிதந்தால் தொடமாட்டான். நாவல் முழுவதிலும் மிக நுட்பமான இடம் எனக்கு அதுதான், சுவர்கூட இல்லை.

சோல்ஜெனித்சின் பின்னாளில் ஷலாமவுக்கு நேரடியாகவே பதில் சொன்னார். முகாம் எல்லோரையும் கெடுக்கிறது என்றால், நீங்களே கங்காணி வேலையை மறுத்தீர்களே என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் ஒருவர் கெடாமல் நின்றார் என்பதும் முகாம் அவரைப் பொன்னாக்கியது என்பதும் வேறு வேறு. தான் கோலிமாவில் பெற்றது எதுவுமில்லை என்பதில் ஷலாமவ் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

உங்கள் முடிவுக்கு வருகிறேன். முதல் ரொட்டியைப் பகிரவிடாதீர்கள். மின்னசோட்டாவில் சாப்பாடு கூடிய பிறகும் பல வாரங்கள் எரிச்சலும் பசியும் அடங்கவில்லை. ஒருவர் அந்த நாட்களில்தான் கோடரியால் தன் மூன்று விரல்களை வெட்டிக்கொண்டார். போன உணர்ச்சிகள் எந்த வரிசையில் திரும்புகின்றன என்பதற்கு ஷலாமவின் ஒரு கதையைப் பாருங்கள். முதலில் எதன்மேலும் பற்றில்லாமை. பிறகு பயம், இருக்கும் சுலபமான வேலை போய்விடுமோ என்று. பிறகு பொறாமை, செத்தவர்கள்மேலும்கூட. அதன்பின் ஒருநாள் கதைசொல்லி, சுடப்போகும் ஒருவனின் துப்பாக்கியைத் தள்ளிவிட்டு ஒரு சிறு பறவையைக் காப்பாற்றுகிறான். மனிதர்மேல் இரக்கம் அதற்கும் பிறகுதான், அன்பு கடைசியில். உங்கள் ஆள் ரொட்டியைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியாகத் தின்னட்டும். தெருவில் ஒரு நாயோ குருவியோ இன்னும் மிஞ்சியிருக்கிறதா என்பதை மட்டும் முன் அத்தியாயங்களில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.