ஒரு கிளிக், இரண்டாக விழுந்தால்

மவுஸின் இடது பட்டனை ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை பதிகிறது, கோப்பை இழுக்கும்போது பாதி வழியில் கைவிட்டுவிடுகிறது என்கிறீர்கள். மவுஸை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டு நேரத்தை வீணாக்காதீங்க. விண்டோஸ் செட்டிங்ஸில் முதன்மைப் பட்டனை வலப்பக்கம் மாற்றிப் பாருங்கள். இழுக்கும் வேலை அப்போது ஒழுங்காக நடந்தால், கோளாறு இடது பட்டனுக்குக் கீழே இருக்கும் மைக்ரோ சுவிட்சில்தான். உள்ளே நகக்கண் அகலம்கூட இல்லாத ஒரு செம்புத் தகடு துள்ளும். அது தேய்ந்தாலோ கருத்தாலோ ஓர் அழுத்தம் இரண்டாகத் தெரியும். நம்ம சிங்கப்பூர் ஈரப்பதமும் சும்மா விடாது.

வாரண்டி இருந்தால் திறக்கவே வேண்டாம், ரசீதோடு கடைக்குப் போங்க. முடிந்துவிட்டதா? அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டையை மெல்ல உரித்தால் திருகு தெரியும். சுவிட்சுக்குள் காண்டாக்ட் கிளீனர் (மின்தொடர்பைச் சுத்தம் செய்யும் திரவம்) ஒரு துளி விட்டால் எனக்கு மூன்று வாரம் ஓடியது, பிறகு பழையபடி. நிரந்தரத் தீர்வு சுவிட்சை மாற்றுவது. அதற்கு மூன்று உலோகக் கால்தான், ஆனால் சால்டரிங் (உலோகத்தை உருக்கிப் பற்றவைப்பது) பழக்கம் வேணும்.

பதினைந்து வெள்ளி மவுஸுக்கு இந்தப் பாடு தேவையில்லை. ரோச்சோர் பக்கம் சிம் லிம் ஸ்குவேரில் கையில் பிடித்துப் பார்த்துப் புதுசு வாங்குங்க. ஆப்டிகல் சுவிட்ச் உள்ளதாகக் கேளுங்கள், அதில் ஒளிதான் வேலை செய்கிறது, உரச உலோகத் தொடர்பே இல்லை.