டைல்ஸ் மாற்றினால் கசிவு நிற்குமா?

கேள்வி: மாடி பாத்ரூமுக்குப் புது டைல்ஸ் போடப்போகிறோம். கீழ் அறை சீலிங்கில் ஈரக்கறை. டைல்ஸ் மாற்றினாலே சரியாகிவிடும் என்கிறார் மேஸ்திரி. உண்மையா?
– வாசகி, திருச்சி

பதில்: ஆகாது. டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அதைத் தடுப்பது அடியில் பூசும் வாட்டர்ப்ரூஃபிங். முதலில் குழாய்களுக்கு பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் கொடுத்து ஒழுகுகிறதா என்று பார்ப்பது) செய்யுங்கள். குழாயே ஒழுகினால் எந்தப் பூச்சும் உதவாது. பிறகு பழைய டைல்ஸைக் கான்கிரீட் தளம்வரை கொத்தியெடுத்து, சுவர்–தரை மூலைகளைக் கலவையால் வளைவாக மூடி, பாலிமர் சிமென்ட் கோட்டிங்கைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை பூச வேண்டும். தரை முழுக்க, சுவரில் 1 அடி, ஷவர் பக்கம் 6 அடி. நானி ட்ராப்பை (தரையில் தண்ணீர் வெளியேறும் வடிகால்) சுற்றித்தான் அதிகம் கசியும். அங்கே ஃபைபர் மெஷ் (இழை வலை) பதித்துப் பூசச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ட்ராப்பை அடைத்து, 2 அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் தேக்கிப் பாருங்கள். மேஸ்திரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள். கீழே ஈரம் இல்லையென்றால் மட்டும் டைல்ஸ். ட்ராப்பை நோக்கி மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் இருக்கட்டும்.